கூடையில் நின்ற அம்பு

இன்று காலை பண்டாரவளைக் கடையொன்றின் முன் லொறியிலிருந்து மண்சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சட்டிகளுக்கு இடையே அடைத்து வந்த வைக்கோல் பாதையோரம் குவிந்து கிடந்தது. லேசாக நனைந்த அதன் வாசனை பட்டதும், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். நீ போய் இது இரண்டாவது மழைக்காலம்.

நாம் இருவரும் படிப்பித்த தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் பழைய மாணவி ஒருத்தி இரண்டு வில்லும் ஒரு கட்டு அம்பும் அனுப்பிய வருடம் நினைவிருக்கிறதா? இலக்குப் பலகை வாங்க வழியில்லை. வைக்கோல் கட்டே போதும் என்றாய். ஹல்துமுல்லைக்குக் கீழே வயல்காரர் ஒருவரிடம் வாங்கி, உன் தம்பியின் சின்ன லொறியில் ஏற்றி வந்தோம். நாம் இருவரும் லீவு நாட்களில் அம்மாக்களோடு கொழுந்து பறித்து வளர்ந்தவர்கள். கூடையில் கொழுந்தை அமுக்கினால் கன்றிப்போகும் என்பது நம் கைகளுக்குத் தெரியும். அந்தக் கைகளாலேயே வைக்கோலையும் பொத்திப் பொத்தி அடுக்கினோம். கட்டு பார்க்கப் பெரிதாக, அழகாக இருந்தது.

மைதானத்து ஓரத்தில் அதை நிறுத்தி, பிள்ளைகளுக்கு முன் நாம் எய்து பார்ப்போம் என்று வில்லை என்னிடம் தந்தாய். என் முதல் அம்பு கட்டின் நடுவே புகுந்து, மறுபக்கம் வெளியேறி, கீழே தேயிலைக்குள் மறைந்தது.

சற்று நேரத்தில், அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ராசம்மா அக்கா மேலே ஏறி வந்தார். அவர் முதுகுக் கூடையின் பிரம்பில் அம்பு செருகி நின்றது.

“ஒங்க வைக்கலுக்கு என் கூடை பரவாயில்லீங்க டீச்சர்.”

சிரித்தபடிதான் சொன்னார். கூடையை முதுகிலிருந்து இறக்கியவர், மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

பாடசாலை அதிபர் வந்து, “யாரு எய்தது?” என்றார். என் நியமனம் நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருந்தது. நான் வாய் திறக்குமுன் நீ, “நான்தான் சார்” என்றாய். வில்லை எப்போது என் கையிலிருந்து வாங்கினாய் என்று இன்றுவரை தெரியாது. நான் கூடையிலிருந்து அம்பைப் பிடுங்கப் போனேன்.

நீ இனி மைதானத்துப் பக்கம் வரக்கூடாது, மண்மேட்டுக்கு முன்னால் அம்பு நிற்கும் கட்டாக வைத்தால் நான் மட்டும் பிள்ளைகளைப் பழக்கலாம் என்று அதிபர் முடிவு செய்தார். அந்த ஞாயிறு உன் வீட்டு வாசலில் சவுக்குக் கட்டைகளால் சட்டம் அடித்தோம்.

“கொழுந்துன்னு நெனச்சு தடவிக் குடுத்துட்டோம்டி. வைக்கலுக்கு வலிக்காது, ஏறி மிதி” என்றாய்.

மிதித்தோம். மேலே பலகை போட்டு லொறி ஜாக்கியால் நெருக்கிக் கயிறு கட்டியதும், நீ விரல்களைச் செருகிப் பார்த்தாய். நகம்கூட நுழையவில்லை.

“சார்ட்ட உண்மைய சொல்லிடுறேன்டி.”

“மொதல்ல ஒன் வேல நிரந்தரமாகட்டும். அப்புறம் சொல்லு.”

வேலை நிரந்தரமானது. அதிபர் மாறினார். புதியவரும் பழைய கதையைக் கேட்டுவிட்டு உன்னை மைதானத்துக்கு விடவில்லை. அவரிடமும் நான் சொல்லவில்லை. பயிற்சி நாட்களில் நீ வகுப்பு ஜன்னலோரம் கொப்பி திருத்துவாய். அம்பு கட்டில் பதியும் சத்தத்துக்கு மட்டும் உன் தலை நிமிரும்.

நீ நோயில் படுத்திருந்த பதுளை ஆஸ்பத்திரிக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

“இந்த வருஷம் கட்டு இறுக்கமா இருக்கா?”

“இருக்குடி.”

“வெரல விட்டுப் பாத்தியா?”

“பாத்தேன்.”

கண்ணை மூடிக்கொண்டாய். நான் கொண்டுவந்த வார்த்தை என்னோடே பஸ் ஏறித் திரும்பியது.

அந்தச் சட்டிக்கடை வைக்கோலை இரண்டு சாக்கில் கட்டிப் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். மாலையில் பழைய கட்டை அவிழ்த்து, இதையும் சேர்த்துப் பிள்ளைகள் மிதித்தார்கள். ஒருத்தி மூச்சு வாங்க, “அந்த டீச்சர் அம்பு கூடையில குத்துனதாலதான இவ்ளோ மிதிக்கிறோம்?” என்றாள். உன் பெயரோடுதான் அந்தக் கதை இங்கே சுற்றுகிறது.

“அவங்க இல்ல. அத எய்தது நான்.”

பிள்ளைகள் மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். உன் நாற்காலியை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள்.

நாளை அதிபரிடமும் சொல்வேன். கயிறு கட்டி முடித்ததும், நீ செய்வதுபோல் விரல்களைச் செருகினேன். சுண்டுவிரல் கொஞ்சம் உள்ளே போனது. கயிற்றை அவிழ்த்து, இன்னொரு முறை மிதிக்கச் சொன்னேன்.