செவ்வாய்க்கிழமை வாள் சண்டை

என் ஹனாவின் வாப்பாவுக்கு, ஸலாம்.

உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, இப்போது மட்டும் எழுத வருமா? மகளின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டேன். நாங்கள் சுகம். ஹனா மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள், முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. மாமி எங்களோடுதான் இருக்கிறார்.

நான் இத்தா இருக்கிறேன். நான்கு மாதம் பத்து நாளில் மூன்று மாதம் கழிந்துவிட்டது. வெளியே இறங்குவதில்லை, வேற்று ஆண்களைப் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. மாமிதான், உங்கள் உம்மாதான், காவல். மீட்டர் வாசிக்க வந்தவரைக் கேற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கண்ணாடியும் போடாமல் தானே வாசித்துச் சொன்னார். அந்த இலக்கம் சரியாக இருந்தால் அதிசயம்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. ஜனாஸா எடுத்த அன்று வந்த பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் அவர்களுக்குத் தேத்தண்ணி கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலந்தாவில் நீங்கள் வேலை பார்த்த மசாலாத் தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு மிளகுக் கொடியைக் காட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார் என்றார்கள். கேட்டுக்கொண்டேன். சொந்தக்காரருக்கெல்லாம் ஃபோன் எடுத்தது உங்கள் தம்பி. பள்ளிவாசலில் அறிவித்தார்கள். ஹனாவுக்குச் சொன்னது மாமி. என் வாயால் ஒருவருக்கும் சொல்ல வேண்டி வரவில்லை.

சும்மா இருந்து பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆனதால்தான் கம்பியூட்டரில் உங்கள் வாள் விளையாட்டைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை லீவில் லுஹர் தொழுதுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தால் அஸருக்குத்தானே எழும்புவீர்கள்? எத்தனை ஏச்சு ஏசியிருப்பேன். நீங்கள் திரையைப் பார்த்துச் சிரிப்பீர்கள். மெஷினோடு சிரிக்கிற ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டேனே என்று நினைப்பேன்.

விளையாட்டில் உங்கள் ஆளின் பெயர் ‘கறுவா’ என்று அன்றைக்குத்தான் தெரியும். பகலெல்லாம் கறுவாப் பட்டை காட்டியது போதாதா உங்களுக்கு? வெட்டுவதற்குப் பொத்தான் ஒன்றும் கிடையாது என்று ஹனாதான் காட்டித் தந்தாள். மவுஸை இழுக்கிற இழுப்புக்குத்தான் வாள் போகிறது. பின்னால் நன்றாக இழுத்து வீசாவிட்டால் எதிராளியை வெறுமனே தொட்டுவிட்டு நிற்கும். அதிகமாக வீசினால் வாளின் பாரம் நம் ஆளையே சுற்றிக் கீழே போட்டுவிடும். பேய்களும் கவசக்காரர்களும் மூட்டை சரிகிற மாதிரி விழுகிறார்கள். மாமி பக்கத்தில் தஸ்பீஹ் மணியோடு இருந்து பார்த்தார்.

“என்ன புள்ள இது? உன்ட ஆளு குடிச்சவன் மாதிரி ஆடுறானே” என்றார்.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் தலைக்கு மேல் ‘லோகு’ என்று எழுதிய ஒரு பெரிய கவசக்காரன் வந்தான். “இதுவும் கம்பியூட்டர் ஆட்டுற ஆள்தான் உம்மா” என்றாள் ஹனா. நானும் நம்பினேன். என் கையில் இருந்த மரத்துப்போன எதுவோ அவனிடம்தான் போனது. அவன் விழுவான், விழுந்த பிறகும் வெட்டுவேன். தலைக்கவசம் கழன்று உருண்ட பிறகும் வெட்டுவேன். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. நிறுத்தத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது செவ்வாய் திரையின் ஓரத்தில் லோகு என்ற பெயரோடு ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். “மச்சான், சொகமா? ஏன் பேசவே மாட்டேங்கற?”

பேய் பேசுமா? மவுஸை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன். ஹனா எழுத்துக் கூட்டி வாசிக்க, மாமிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“அல்லாஹ்! இத்தாவுல இருந்துகிட்டு ஒரு ஆம்புளையோடயா இவ்வளவு நாளும் சண்ட புடிச்ச?”

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். உங்களுக்கு வந்திருக்கும். எனக்கு வேறொன்றுதான் ஓடியது. இந்த ஆளுக்குத் தெரியாது. நம் ஊர் மாத்தளையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று இவருக்கு மட்டும் தெரியாது. இவருடைய கணக்கில் நீங்கள் இன்னும் லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்? அடுத்த செவ்வாய் மாமி தூங்கிய நேரம் பார்த்து, பதில் எழுதாமல் மறுபடியும் போய் வெட்டினேன். பிழைதான். தெரிந்தே செய்தேன்.

மாமி எழும்பி வந்து பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. ஏசுவார் என்று நினைத்தேன்.

“செல்லிப் போடு மகள்” என்றார். “என்ட மகன் மௌத்தானது தெரியாம அவன்ட கூட்டாளி ஒருத்தன் ஈக்கக் கூடாது. இது பேச்சில்ல, கடம.”

ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் எடுத்தேன் தெரியுமா? ‘அவர் மௌத்தாகிட்டார். நான் அவர்ட வைஃப்.’ கவசக்காரன் வாளைத் தூக்கியபடி அப்படியே நின்றான். பிறகு கை தொங்கியது. வாள் நழுவித் தரையில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் லோகுவின் பதில் வந்தது.

“மொத நாளே ஏதோ ஆயிருச்சுன்னு தெரிஞ்சிச்சுங்க. மச்சான் விழுந்தவன வெட்ட மாட்டாரு. எந்திரிக்கிற வரைக்கும் வாள ஊனிக்கிட்டு நிப்பாரு. ஆறு வருஷமா அப்படித்தான். நீங்க விழுந்த பொறகும் வெட்டினீங்க. யாருன்னு கேக்க பயமா இருந்துச்சு. கேக்காம இருந்தா அவருதான்னு வச்சுக்கலாம்ல. அதான் எந்திரிக்காம படுத்துக் கெடந்தேன்.”

றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாராம். பஸ்ஸில் வந்து பார்க்கிற தூரம்தான், ஆறு வருடமாக நீங்கள் இரண்டு பேரும் நேரில் பார்த்ததே இல்லையாம். கப்ர் எங்கே என்று கேட்டார், வந்து நிற்கலாமா என்று கேட்டார். உங்கள் தம்பி கூட்டிக்கொண்டு போவார் என்று மாமி சொல்ல, எழுதினேன். அந்த நீளமான பதிலை மாமி இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். “என்ட புள்ள அப்படித்தான்” என்றுவிட்டுத் தொழுகைக்கு வுளூச் செய்யப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அன்றைக்கும் அழுகை வரவில்லை. வரும்போது வரட்டும். ஆனால் இந்தக் கடிதத்தைத் திருப்பி வாசித்தபோது ஒன்று தெரிந்தது. மகளின் பல், மீட்டர் என்று, நீங்கள் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கப் போகிறவர் மாதிரிதான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். லோகு செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

இனிச் செய்ய மாட்டேன். இத்தா முடிந்து வெளியே இறங்குகிற நாளில், நீங்கள் எங்கே என்று யார் கேட்டாலும், மாமியையோ தம்பியையோ பார்க்காமல் நானே சொல்வேன். இது சத்தியம். முதலில் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள்.

உங்கள் மனைவி,
ஹனாவின் உம்மா