பத்து விரலிலும் திறக்காத மிஷின்

கூடப் பிறந்த என் சாமிக்கு,

நீ போய் நாலு மாசம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னோடு பேசினதெல்லாம் வாய்க்குள்ளேதான், அண்ணா. இன்றைக்குத்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அதுவும் ஊரே படிக்கட்டும் என்று எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், அவசரப்படாதே.

முதலில் ஊர்ச் செய்தி. நம் ஏரியில் இன்னும் மண் அள்ளுகிறார்கள். உன் ரத்தம் கொட்டின மதகுக் கல்லை இரண்டு குடம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து தனகோட்டியின் ஆட்கள் நாஷ்டா தின்கிறார்கள். ஏரி மண்ணை லாரி லாரியாக விற்கிற அந்தத் தனகோட்டி ஜாமீனில் வந்த அன்றைக்கு, உத்திரமேரூரிலிருந்து வெடி வெடித்துக்கொண்டே வந்தான். வெடிக் காகிதம் நம் காலனி வரைக்கும் பறந்து வந்தது. நான் அதைக் கூட்டி முறத்தில் அள்ளி அவன் வண்டிக் கண்ணாடிமேல் கொட்டினேன். பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இல்லையென்றால் அன்றைக்கே ஒரு முடிவு தெரிந்திருக்கும்.

படிக்கிறவர்களுக்கு விவரம் வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். நீ இந்த ஊர்த் தலையாரி. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் கல் குவாரியில் சம்மட்டி பிடித்தவன். என் புருஷன் என் மண்டையை உடைத்து அனுப்பியபோது ஒரு வார்த்தை கேட்காமல் சோறு போட்டு, பிறகு ஆற அமர அவன் ஊருக்குப் போய் அவன் மண்டையையும் உடைத்துவிட்டு வந்தவன். நல்லவன் என்று மட்டும் எழுதினால் நீயே மேலே இருந்து சிரிப்பாய்.

அந்த மிஷின் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சட்டைப் பையில் அடங்குகிற கம்ப்யூட்டர். ஏரி, மதகு, கால்வாய் எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் நின்று படம் பிடித்து, யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று பதிந்து அனுப்ப வேண்டும். கறுப்பு ரப்பர் உறை, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. தாலுகா ஆபீசில் பயிற்சி கொடுத்த மேடம் சொன்னதையெல்லாம் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒப்பித்தாய். வேறு சார்ஜர் போடாதே. சார்ஜில் இருக்கும்போது தொடாதே. மெத்தைமேல் வைக்காதே, சூடேறும். தண்ணீரில் விழுந்தால் உடனே அணைத்துக் காயவை, ஈரத்தோடு சார்ஜ் போடாதே. நம்பரை யாருக்கும் சொல்லாதே. உன் விரலைத் தவிர யார் விரலையும் வைக்காதே.

ஒன்றைக்கூட விடாமல் செய்தாய். ரெண்டு செங்கல்லைக் கழுவிக் காயவைத்து அதன்மேல்தான் சார்ஜ் போட்டாய். பூஜை மட்டும் உன் புத்தி. கேமராக் கண்மேலேயே குங்குமம் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்த மதகுப் படமெல்லாம் செக்கச் செவேலென்று வந்ததும், "இன்னாடா இது, ரத்தக் காட்டேரி மாதிரி கீது"ன்னு பயந்தாய். வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது பகீர் என்கிறது.

கடைசி விதியில்தான் நாம் சறுக்கினோம், இல்லையா?

மிஷினுக்கு ரெண்டு பூட்டு. நம்பர் போட்டால் மிஷின் திறக்கும். உள்ளே ஏரிக் கணக்கெடுக்கிற ஆப் திறக்க விரல் வைக்க வேண்டும். தாலுகா ஆபீசில் உன் விரலை மிஷின் எடுக்கவில்லை. கல்லுடைத்துத் தேய்ந்த கை, அதில் ரேகை எங்கே இருக்கும்? வீட்டில் வைத்துப் பதிந்துகொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். எண்ணெய் தடவினாய், எலுமிச்சம்பழம் தேய்த்தாய், அரிசி கழுவின தண்ணீரில் ஊறவைத்தாய். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாய். 'ரேகை தெளிவாக இல்லை' என்று அதே பாட்டைப் பாடியது. நாளைக்குள் பதியாவிட்டால் மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று உனக்கு ஒரே பேஜார்.

அப்போதுதான் நீ என்னைப் பார்த்தாய்.

"கன்னீ, ரேஷன் கடைல நம்ம வூட்டுக்கு யாரு வெரல் வெக்கிறா? நீதான? அத்தே மாதிரி இதுலயும் வெச்சிடு."

"வேற யாரு வெரலும் வெக்கக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்கன்னியே?"

"வேற யாருன்னா ஊரான் வூட்டு ஆளு. நீ இன்னா ஊரான் வூட்டு ஆளா?"

ரேஷன் கடையில் அப்படித்தானே பழகியிருந்தோம். உன் விரலை எடுக்காது, "தங்கச்சிய வரச் சொல்லுப்பா" என்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு விரல் போதும் என்று நம் புத்தியில் ஊறிப்போயிருந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் வலது கட்டைவிரலை வைத்தேன். டிங் என்று திறந்தது. நீ என் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்து, "ராணிம்மா நீ" என்றாய்.

அதற்கப்புறம் தினமும் காலையில் அதுதான் நம் முதல் வேலை. நான் அடுப்பிலோ அம்மியிலோ இருப்பேன். "கன்னீ, கையக் குடு" என்று நீட்டுவாய். ஈரக் கையை வைத்தால் எடுக்காது, "அய்யே, தொடச்சிட்டு வைம்மே" என்பாய். ஒருதரம் வைத்தால் சாயங்காலம் வரைக்கும் திறந்தே இருக்கும். மிஷின் அணைந்து எழுந்தால் மட்டும் மறுபடி கேட்கும். எத்தனையோ மாசம் அது அணையவே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எட்டு மணிக்கு விரல் வாங்கிக்கொண்டு போனாய். பதினோரு மணிக்கு ஆடு மேய்க்கிற ரோணியம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "மதகாண்ட உங்கண்ணன் கெடக்கறான்டி, ஓடுடி"ன்னாள். செருப்பில்லாமல் ஓடினேன். முள் ஏறினதுகூட மறுநாள்தான் தெரிந்தது.

நான் பார்த்ததை எழுதத்தான் போகிறேன். மென்று முழுங்கினால் அது உனக்குச் செய்கிற துரோகம். உன் இடது காதுக்கு மேலே மண்டை பிளந்திருந்தது. வாயில் பல் இல்லை, ரத்தமும் மண்ணும்தான் இருந்தது. ரெண்டு கையையும் மதகுக் கல்மேல் வைத்துக் கடப்பாரையால் குத்தியிருந்தார்கள். பத்து விரலும் பத்துத் திசைக்குத் திரும்பிக் கிடந்தது. எந்தக் கையைப் பிடித்து உன்னைத் தூக்குவது என்று தெரியாமல் நின்றேன், அண்ணா. பிடிக்க ஒரு கை இல்லை.

ஆட்டோவில் உன் தலை என் மடியில். பேசாதே என்றேன், கேட்டாயா?

"பள்ளம் தோண்றதப் படம் புட்ச்சேன். தனகோட்டி வந்தான். அத்த அழிச்சிட்டு, ஏரி நல்லா கீதுன்னு போட்டு அனுப்புடான்னான். மாட்டேன்னேன். புடுங்கி வீசுனான், அணைஞ்சிப் பூட்ச்சி. மூணாவது அடில நம்பர் சொல்ட்டேன் கன்னீ. தாங்கல."

"பரவால்லண்ணா. பேசாத."

"வெரல் கேட்டுச்சி. பத்தும் வெச்சிப் பாத்தான். எடுக்கல. ஏமாத்றியாடா, எந்த வெரல்டா சொல்லுன்னு ஒண்ணொண்ணா..." முந்தானையால் உன் வாயைத் துடைத்தேன். "மிஷினத் தண்ணில வுட்டான். கடைசிப் படம் அவன் மூஞ்சிதான், கடப்பாரையோட. உன் பேரு சொல்லல."

திருப்புலிவனம் வளைவு தாண்டும்போது உன் தலை கனத்துப்போனது. ஆஸ்பத்திரிக்கு உடம்பைத்தான் கொண்டுபோனேன்.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் தனகோட்டிமேல்கூட இல்லை, தெரியுமா? 'தங்கச்சி விரலு' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்னடா? வீட்டுக்கு வந்து என் மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். போகட்டுமே! பத்துத் தரம் வைத்திருப்பேன். ஏரி நாசமாய்ப் போகட்டும், என் அண்ணன் உயிரோடு இருந்தால் போதும் என்று காலில் விழுந்திருப்பேன். ரெண்டாவது விரல் உடையும்போது சொல்லியிருக்கலாம். அஞ்சாவதுக்குச் சொல்லியிருக்கலாம். பத்துக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?

அன்றைக்கு நான் என் விரலை வைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் மிஷின் வேறு ஆளிடம் போயிருக்கும், நீ இருந்திருப்பாய். நாலு மாசமாக இதுதான் என்னைத் தின்கிறது.

உன்னைப் புதைத்த மறுநாள் மதகடியில் முட்டியளவு சேற்றில் இறங்கி, மிஷினைத் தேடிக் காலாலேயே துழாவினேன். மூன்றாம் நாள் மணிக்கட்டுக் கயிறு கால் விரலில் சிக்கியது. துணியில் துடைத்து எடுத்துக்கொண்டுபோய் இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்து, "சார், உடனே சார்ஜ் போட்றாதீங்க, நல்லாக் காயட்டும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிற்பாடு மிஷின் உயிரோடு எழுந்தது. நம்பர் தாலுகா ஆபீசில் இருந்தது. உள்ளே இருக்கிற ஆப் மட்டும் விரல் கேட்டது. ஏரியில் சிக்னல் கிடையாது, அன்றைய படம் ஒன்றுகூட வெளியே போகவில்லை, எல்லாம் அந்த ஆப்புக்குள்தான் இருக்கிறது. விரலுக்குரியவர் இறந்துவிட்டார், திறக்க வழியில்லை என்று எழுதி மூடினார்கள்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கட்டைவிரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

ஆமாம், பயந்தேன். சொன்னால் உன்னை விதி மீறினவன், கள்ளக் கை வைத்தவன் என்பார்கள். நீ இத்தனை மாசம் நேர்மையாகப் பதிந்ததெல்லாம் செல்லாது என்று தனகோட்டியின் வக்கீல் கத்துவான். அது போகட்டும் என்று விட்டாலும், அடுத்தது என் விரல். அந்தக் கல்மேல் என் கை இருக்கிற மாதிரி பட்டப்பகலில் கண் முன்னால் தெரியும். அவனோ, டிராக்டரில் அடிபட்டுச் செத்தான் என்று கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்தான். ரோணியம்மா வாயைத் திறக்கவில்லை. நீ ஆட்டோவில் சொன்னதை நான் சொன்னால், கூடப் பிறந்தவள் அப்படித்தான் சொல்வாள் என்றார்கள்.

போன மாசம் ஒரு நாள் காலையில் நான் அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். தனகோட்டியின் மச்சான் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான், கையில் கத்தி.

"ஒங்கண்ணன் டிராக்டர்ல அடிபட்டான்னு எழுதிக் குடுத்துடு. இல்லாங்காட்டி, அவனுக்கு வெரல ஒடிச்சோம், உனக்கு நறுக்கி அனுப்பிடுவோம்."

ஒடிச்சோம். அவன் வாயாலேயே சொன்னான். குழவியை ரெண்டு கையாலும் தூக்கி அவன் வலது கால்மேல் போட்டேன். எலும்பு உடைகிற சத்தம் அடுத்த வீடு வரைக்கும் கேட்டது என்று அஞ்சலையக்கா சொல்கிறாள். கத்தியை விட்டுவிட்டு ஆடு மாதிரி கத்தினான். "எந்த வெரல்டா ஒடிஞ்சிச்சி, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு தரம் தூக்கினேன். காலனியே வந்து என்னைப் பிடித்தது. கொஞ்சம்கூட வருத்தமில்லை. அன்றைக்குத்தான் நீ போனபிறகு முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். குழவி போட்டதையும் சொன்னேன், விரல் வைத்ததையும் சொன்னேன். "இத்த ஏம்மா இத்தினி நாளா சொல்லல?" என்று இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். குழவிக்கு என்மேல் ஒரு கேஸ் இருக்கிறது. இருக்கட்டும். வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில், எல்லோர் முன்னாலும் நான் விரல் வைக்க வேண்டும்.

உன் இடத்துக்கு இப்போது செண்பகம் என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளும் களையெடுத்துக் காய்த்த கைதான், அவள் விரலையும் மிஷின் எடுக்கவில்லையாம். தங்கையைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று என்னிடமே யோசனை கேட்டாள். "எடுக்கலன்னா எடுக்கலன்னு ஆபீஸ்ல போய் சொல்லு, வெக்கப்படாத. இன்னொருத்தி வெரல வெச்ச, உன் காலையே ஒடச்சிடுவேன்" என்றேன். மிரண்டுபோய் அன்றைக்கே போய்ச் சொன்னாளாம். விரலில்லாமல் திறக்க, புதிதாகப் பதியும்போதே அவளுக்கு வேறு வழி செய்து கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதானாம் அண்ணா. போய்ச் சொன்னால் போதுமாம்.

ஊரே படிக்கட்டும் என்று எழுதினது இதற்குத்தான். தனகோட்டி, நீயும் படி. உனக்குப் படிக்க வராவிட்டால் உன் நொண்டி மச்சானை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேள். நீ தேடின விரல் என் வலது கையில் இருக்கிறது. அதற்கு ஒரு கீறல் விழுந்தாலும் யார் செய்தது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

அண்ணா, உன்னை என்ன சொல்லித் திட்டினாலும் திட்டட்டும். விதி மீறினவன் என்று எழுதிக்கொள்ளட்டும். பத்து விரலைக் கொடுத்து நீ காப்பாற்றின ஒரு விரல் இது. இதைச் சும்மா வைத்துக்கொண்டு சோறு பிசைந்து தின்ன என்னால் முடியாது. திங்கட்கிழமை யார் முறைத்தாலும் என் கண் மிஷின்மேல்தான் இருக்கும். கை வியர்க்கும், எனக்குத் தெரியும். கவலைப்படாதே, நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வைப்பேன்.

நீ பேர் சொல்லாத உன் தங்கச்சி,
கன்னியம்மா