கதவு சாத்திய அறையில் பத்தொன்பது பறவைகள்

சேசு மரி சூசை

சாந்தோம், சென்னை-4
9-12-1973

அன்பு மகன் ஸ்தனிஸ்லாஸுக்கு அம்மா எழுதுவது.

மாதாவின் தயவால் நானும் அப்பாவும் இன்றைய தேதிக்குச் சுகம். நீயும் மர்சலினும் குழந்தையும் லுசாகாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் செபிக்கிறேன். போன மாதம் இதே தேதியில் எனக்கு இப்படி எழுத முடிந்திருக்காது தம்பி. அப்பா ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தார். பதறாதே, வீட்டுக்கு வந்துவிட்டார், இப்போதுதான் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார். தந்தி கொடுக்க வேண்டாமென்று முடிவு செய்தது நான்தான். கொடுத்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய், நீ வந்து சேரும் நாளில் இங்கே என்ன இருக்குமோ என்று எனக்கே தெரியாத நிலை. நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், என் தப்பும் இதில் இருக்கிறது, பொறுமையாகப் படி.

நீ புறப்படும்போது அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டுமென்று மூர் மார்க்கெட்டில் இரண்டு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கிக் கொடுத்தாயே, அது இரண்டு வருஷத்தில் பத்தொன்பது ஆகிவிட்டது. கூண்டு மட்டும் நீ வாங்கியதேதான். தபால் ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு அதுவே உத்தியோகம். முட்டையிடக் கலயம் கட்டுவது, தினை புடைப்பது, கரையில் வலைக்காரர்களிடம் சொல்லிவைத்துக் பறவைகள் கொத்தக் கணவாய் ஓடு வாங்கி வருவது. பாதியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது, வராந்தாவில் சாரல் அடித்தது, பூனை வேறு. கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்கையறையில் வைத்து, குளிர் படக்கூடாதென்று ஜன்னலையும் கதவையும் சாத்திக் கம்பளியும் போர்த்திவிட்டார். தினமும் காலையில் துடைப்பத்தால் அறையைப் பெருக்குவார். எச்சமும் தினைத் தோலும் காய்ந்து பொடியாகி அறை முழுக்கப் புகை மாதிரி எழும்பும். அதற்குள் ஒரு பச்சைக் குஞ்சு சிறகை உப்பவைத்துக்கொண்டு கண்ணில் நீர் வடிய மூலையில் உட்கார்ந்துவிட்டது. அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றி, தினையைத் தன் வாயிலே மென்று உதட்டில் வைத்து ஊட்டினார். மூன்றாம் நாள் அது செத்தது. பின்கட்டில் குடியிருக்கும் ரிக்ஷாக்கார நாகராஜ் அதைப் புதைக்க வந்தவன், இன்னாம்மா இது, ரூமு பூரா கோழிப் பண்ணையாட்டம் நாறிக்கினு கீது, நைனா இதுலயா படுத்துக்கினு கீறாரு என்று கேட்டான். அப்பா அவனை வெளியே போகச் சொன்னார்.

நவம்பர் ஆறாம் தேதி அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. மண்டையைப் பிளக்கும் தலைவலி, சளி வராத இருமல். லஸ்ஸில் இருக்கும் டாக்டர் வலியுல்லா மாத்திரை கொடுத்தார், பிறகு பென்சிலின் ஊசி போட்டார், காய்ச்சல் அசையவே இல்லை. பத்தாம் தேதி வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். நான் என்ன செய்தேன் தெரியுமா, அவர் வருவதற்குள் நாகராஜைக் கூப்பிட்டுக் கூண்டைக் குளியலறைக்குத் தூக்க வைத்து, மேலே இரட்டைப் போர்வை போட்டு மூடி, அறையைக் கழுவி சாம்பிராணி போட்டுவிட்டேன். அசிங்கமாக இருக்கிறதே என்ற வெட்கம் பாதி, பறவைகளைத் தூக்கு என்று டாக்டர் சொல்லிவிட்டால் இந்த மனுஷன் அதிலேயே விழுந்துவிடுவாரே என்ற பயம் பாதி. டாக்டர் அப்பாவின் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு திரும்பி, வீட்டில் கிளி, புறா, ஏதாவது பறவை வளர்க்கிறீர்களா அம்மா என்றார். இல்லை டாக்டர் என்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளே ஒன்று கீச்சிட்டது. அவர் தலையைத் தூக்கினார். கூரையில் சிட்டுக்குருவி என்றேன். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

இரண்டாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் அதே ஊசிதான் தொடர்ந்தார்கள், நான் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும். மூன்று நாள் ஜுரத்தில் யார் யாரையோ கூப்பிட்டார், உன்னையும் கூப்பிட்டார். பதினைந்தாம் தேதி மத்தியானம் பறவைகளுக்குத் தினை வைக்க வீட்டுக்கு வந்தேன். இரண்டு செத்துக் கிடந்தன. இன்னொன்று கம்பைப் பிடிக்க முடியாமல் கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது, மூச்சு விடும்போதெல்லாம் வாலும் சேர்ந்து மேலும் கீழும் ஆடியது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அப்பாவின் தோள் இப்படித்தான் ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கையிலிருந்த தினைக் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டேன். சேலைகூட மாற்றவில்லை, நாகராஜ் வண்டியை எடு என்றேன். லஸ்ஸுக்குப் போனால் டாக்டர் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலிலேயே வழியை மறித்துச் சொல்லிவிட்டேன், பொய் சொன்னேன் டாக்டர், பத்தொன்பது பறவை இருந்தது, ஒரே அறையில் இருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திரும்பிப் போய்ப் போனை எடுத்து ஆஸ்பத்திரியில் பேசினார். பிறகு, இது பறவைகளிடமிருந்து தொற்றும் கிளிக் காய்ச்சல்போலத் தெரிகிறதம்மா, டெட்ராசைக்ளின் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், நேரத்தோடு வந்தீர்களா என்பது மூன்று நாளில் தெரிந்துவிடும் என்றார். அந்த மூன்று நாளும் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தேன், நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருந்தது.

பறவைகளைக் கொன்றுவிடச் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், அம்மா, இந்தக் கூண்டு நாலு பறவைக்குத்தான் காணும், நெரிசலிலும் காற்றில்லாத அறையிலும் இருந்தால் நோய் வெளிப்பட்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும் என்றார். நாற்பத்தைந்து நாள் மருந்து கலந்த தீனி. எச்சத்தைக் காயவிட்டுப் பெருக்கவே கூடாது, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, ஈரத்தாளில் வழித்து எடுக்க வேண்டும். காலை வெயிலும் காற்றும் வேண்டும், சாரல் கூடாது. நாகராஜ் கிணற்றடியில் தகரம் வேய்ந்து, மூன்று பக்கம் கம்பி வலை அடித்து, ஆள் நுழையுமளவுக்குக் கொட்டகை போட்டுக் கொடுத்தான். நோய்ப்பட்டது தனி, நல்லது தனி. மொத்தம் எட்டு போய்விட்டது. பதினொன்று இருக்கிறது, இப்போது பறக்கவும் செய்கிறது. என் நெஞ்சையும் டாக்டர் சோதித்துவிட்டார், எனக்கு ஒன்றுமில்லை.

மர்சலின் போன கடிதத்தில், ஒரு சாம்பல் கிளி வாங்கினோம், தொட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறோம், குழந்தை அதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று எழுதியிருந்தாள். ஸ்தனிஸ், இதைப் படித்த கையோடு அந்தக் கூண்டை வெளியே எடு. கிளியைத் துரத்தச் சொல்லவில்லை, அதுவும் உயிர்தானே. அங்கே மாட்டு டாக்டர் இருந்தால் காட்டு. சிறகை விரித்தால் கம்பியில் இடிக்காத கூண்டாகப் பார், காற்றோட்டமான தாழ்வாரத்தில் வை. வாயால் எதையும் ஊட்டாதே. குழந்தைக்கு இருமல் வந்தால் வீட்டில் கிளி இருக்கிறது என்பதை டாக்டர் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்.

நேற்று அப்பா பறவைகளைப் பார்க்க வேண்டுமென்றார். கைத்தாங்கலாகக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய் தூரத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். எண்ணிப் பார்த்தார். இனி மறைக்க முடியாதென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், டாக்டரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன், உங்கள் உயிரோடு விளையாடிவிட்டேன் என்று அழுதேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினார். பிறகு, டாக்டர் கேட்டப்ப நான் தூங்கல லூயிசா, முழிச்சிக்கினுதான் இருந்தேன், நீ இல்லேன்னு சொன்னதும் அப்பாடான்னு இருந்திச்சி, அதான் கண்ணைத் தொறக்கல என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உங்கள் மூவரையும் தேவதாய் தன் முந்தானையில் வைத்துக் காப்பாளாக. பேரன் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போடு. அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, திட்டி எழுதாதே.

உன் அம்மா,
லூயிசா பவுல்சாமி