பழைய லாட் முன்னால, புது லாட் பின்னால

நவம்பர் 10, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. ஸ்கூடாய் ரோட்டில் கார் நகரல. கடை திறக்க லேட்.

புது சர்வர் வந்து மேசையில் உட்கார்ந்தாச்சு. பழைய கம்ப்யூட்டர் இழுத்துக்கிட்டு கிடக்கு, இனி நம்ப முடியாது. கடை வெப்சைட்டைப் புதுசுக்கு மாற்றுவது மலர் பொறுப்பு. யோங் பெங் ஊர்ப் பொண்ணு, இங்கே கம்ப்யூட்டர் படிச்சிட்டு நம்மகிட்டயே வேலைக்குச் சேர்ந்தது. முதலில் ஜாவா மொழியில் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் குமார். அவனுக்கு இப்போ சிங்கப்பூரில் வேலை, தினமும் காஸ்வே பாலத்தில் ஜாம்.

அவசரம் எதுக்குன்னா மூவார் ஃபர்னிச்சர் ஃபேக்டரி. நம்ம கீல், டிராயர் ரெயில், ஸ்க்ரூ எல்லாத்திலும் பாதி அங்கதான் போகுது. அடுத்த மாசத்திலிருந்து ஆர்டர் வெப்சைட் வழியாத்தான் போடுவாங்களாம். அவங்க பர்ச்சேசிங் மிஸ் டான் வெள்ளிக்கிழமை ஜொகூர் பாரு போற வழியில் நேரில் வந்து போட்டுப் பார்க்கும். ஓடலன்னா ஆர்டரெல்லாம் பத்து பகாட் ஊர்க் கடைக்காரனுக்கு, அவனுக்குக் கல்யாணம்தான்.

மதியம். முதல் பக்கம் திறக்குது, படமெல்லாம் அழகு. 'ஆர்டர்' அழுத்தினா வெள்ளைப் பக்கம், முழுக்க இங்கிலீஷ்.

"என்னம்மா இது?"

"கிளாஸ் கிடைக்கலயாம் பாஸ். இம்போர்ட்ல மாட்டுது."

"பாசிர் கூடாங் போர்ட்டுல ஆள் இருக்கு, பேசட்டா?"

சிரிக்கல.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. பின் டயரில் ஆணி. அதுவும் நம்ம கடை ஸ்க்ரூ மாதிரிதான் இருந்தது.

விஷயம் பிடிபட்டது. புது சர்வரில் மென்பொருளும் புதுசு. முன்னே 'ஜாவாக்ஸ்'னு ஆரம்பிச்ச பேரெல்லாம் இதில் 'ஜகார்த்தா'ன்னு ஆரம்பிக்குதாம். சரக்கு அதேதான். நம்ம புரோகிராம் பழைய பேரைச் சொல்லிக் கேட்குது.

"ரோட்டுப் பேரை மாத்திட்டாங்க, நம்ம லாரிக்காரன் பழைய போர்டைத் தேடிக்கிட்டு இருக்கான்."

"அதேதான் பாஸ்."

குமார் பஸ்ஸிலிருந்து வாய்ஸ் மெசேஜ்: "அண்ணே, பழைய வெர்ஷனையே போடச் சொல்லுங்க. என் லேப்டாப்ல நல்லா ஓடிச்சு லா." மலர் கேட்டுட்டு, "அவரு லேப்டாப்பையா மூவாருக்கு அனுப்புறது?" பழைய வெர்ஷன் ரொம்ப நாள் தாங்காதாம். எல்லா ஃபைலிலும் பேரை மாத்திடுன்னு சொல்லிட்டேன். கூட வர்ற ஜார் ஃபைல்களும் சிலது புதுசா இறக்கணுமாம். ஜார்னா ஒரு பெட்டி, கிளாஸ்ங்கிற புரோகிராம் துண்டெல்லாம் அதுக்குள்ள.

நாலு மணிக்கு மிஸ் டான் போன். ஒரே பெட்டியில் கீல் ரெண்டு மாதிரி இருக்காம், அலமாரிக் கதவு கோணலா நிக்குதாம். உங்க ஃபிட்டர் கையைப் பாருங்கன்னேன். போனை வெச்சுடுச்சு. இந்த வாரம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

நவம்பர் 12, புதன்

பேர் எல்லாம் மாத்தி முடிச்சது. மலர் லேப்டாப்பில் ஆர்டர் போகுது. ஆளுக்கொரு நாசி லெமாக், என் செலவு.

அதையே சர்வரில் ஏத்தினா மறுபடியும் வெள்ளைப் பக்கம். வேற எரர்.

"கிளாஸ் கிடைச்சிருச்சு பாஸ். ஆனா நான் கேக்குற மெத்தட் அதுல இல்லங்குது."

"ஆள் வந்துட்டான், வேலை தெரியல."

"ம். ஆனா லேப்டாப்ல அதே ஆளுக்குத் தெரியுதே."

நிறுத்தி ஓட்டியாச்சு, அழிச்சு ஏத்தியாச்சு. சாயங்காலம் வரைக்கும் அதே கதைதான். தே தாரேக் குடிக்கப் போன இடத்தில் டயர் கடை ராஜு: "வெப்சைட்டாம் வெப்சைட்டு. வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினா போதாதா லா?" அவனுக்கென்ன, மூவார் ஃபேக்டரி மாதிரி கஸ்டமர் இல்ல.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டது. கணுக்கால் வீக்கம், யூரிக் ஆசிட்டாம். பருப்பு வேண்டாம்னு வீட்டில் உத்தரவு.

காலையிலேயே குமாருக்குப் போன். நீயே வந்து எடுத்துப் பாருடான்னேன். ஞாயிறுதான் முடியுமாம். "ஞாயிறு வந்து என்ன செய்ய, வெள்ளி போயிருமே"ன்னு கத்திட்டுத் திரும்பினா மலர் டெலிவரி ஆர்டர் ஃபைலோட பின்னாலேயே நிக்குது. ஃபைலை வெச்சுட்டுப் போச்சு. மத்தியானம் சாப்பிடப் போகல. நாளைக்கு ஓடலன்னா வேற ஆள் பார்க்கத்தான் வேணும். வியாபாரம்.

மூணு மணி இருக்கும். "பாஸ், வாங்க."

ஒவ்வொரு கிளாஸையும் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தேன்னு சர்வரையே சொல்ல வெச்சிருக்கு. வரி வரியா ஓடுது. விரலை வெச்சுக் காட்டிச்சு. பழைய ஜார். புது ஜாரும் அதே ஃபோல்டரில்தான், பக்கத்திலேயே.

"லேப்டாப்ல புதுசு முதல்ல கைக்கு வருது, இங்க பழசு வருது. ஒண்ணு கிடைச்சா அதோட நிறுத்திக்கும். அடுத்த பெட்டியைத் திறக்காது."

"பழசை ஏன் தூக்கிப் போடல?"

என்னையே பார்த்துச்சு. "சேர்ந்த முதல் மாசம் ஸ்டோர்ல என்ன சொல்லிக் கொடுத்தீங்க பாஸ்? எதையும் தூக்கிப் போடாதே. பழைய லாட் முன்னால, புது லாட் பின்னால."

சொன்னதுதான். யார் சேர்ந்தாலும் முதல் மாசம் ஸ்டோரில் அடுக்கணும். கிளார்க்கா இருந்தாலும் சரி. வேனில் வெச்சு வித்த காலத்திலிருந்து என் ரூல்.

"அது கீலுக்கும்மா."

"அப்படின்னு யாரும் பிரிச்சுச் சொல்லலயே."

பழைய ஜார் எல்லாத்தையும் வெளியே எடுத்துது. நிறுத்தி ஓட்டிச்சு. ஒரு பெட்டி கீல் ஆர்டர் போட்டோம், ஸ்டோரில் பிரிண்டர் சத்தம். இன்னொரு தடவை. மறுபடியும் சத்தம். "இப்போ சாப்பிடப் போறேன் பாஸ்"னு கிளம்பிடுச்சு.

வீட்டுக்குப் போற ஜாமில் உட்கார்ந்திருந்தப்ப மிஸ் டானோட கோணல் கதவு ஞாபகம்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். சீக்கிரம் திறந்து நேரா ஸ்டோர். கீல் ரேக்கில் பழைய லாட் முன்னால், புது லாட் பின்னால். ரூல்படி.

ஸ்டோர் அந்தோணியிடம்: "முன்னால் இருக்கிறது தீர்ந்து, பெட்டி நிறையலன்னா?"

"பின்னால இருக்கிறதை எடுத்துப் போட்டு நிரப்புவேன் பாஸ். பெட்டி நிறையணும்ல?"

ரெண்டிலும் ஒண்ணு எடுத்துச் சேர்த்துப் பிடிச்சேன். ஸ்க்ரூ ஓட்டை ஒத்து வரல. மயிரிழைதான், ஆனா கதவுக்கு அது போதும்.

பத்து மணிக்கு மிஸ் டான். வெயிலுக்குப் பிடிச்ச குடையை மடிச்சு வெச்சு, உட்கார்ந்து, தானே அழுத்திச்சு. மலர் கையைக் கட்டிக்கிட்டு நின்னுது. பிரிண்டர் சத்தம்.

"ஓகே. ஆனா இந்தத் தடவை ஒரே லாட் லா, பாஸ்."

"ஒரே லாட். உங்க ஃபிட்டர் மேல தப்பில்ல, அவன்கிட்ட சொல்லிடுங்க."

"செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டேன்."

மிஸ் டான் போனதும் மலர்: "ஞாயிறு குமாரண்ணன் வர்றாரா பாஸ்?"

"வரல. லீவு நாள்ல அவன் பெண்டாட்டி பிள்ளைகளோட இருக்கட்டும்."

"நான் திங்கள் லீவு எடுத்துக்கவா? யோங் பெங் போயிட்டு வரணும்."

போயிட்டு வான்னேன்.

மத்தியானம் பழைய இரும்பு வாங்குற லாரியை வரச் சொல்லி, பழைய லாட் கீல் மொத்தத்தையும் ஏத்தச் சொன்னேன். அந்தோணி "நிஜமாவா பாஸ்?", திரும்பவும் "நிஜமாவா?" மலர் ஸ்டோர் வாசலில் வந்து நின்னு பார்த்துது. லாரி ரோடு திரும்பும் வரைக்கும் நகரல.

பழைய லாட்டில் ஒரு பெட்டியை மட்டும், தூக்கிப் போட மனசு வராம, முன்னாலேயே எடுத்து என் கார் பின்பக்க பூட்டில், ஸ்பேர் டயருக்கு அடியில் வெச்சாச்சு. அவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது.