அச்சு இறுக்கின மாரி

3.11.98
மழை பிடிச்சிட்டுது. பேத்தி யூலியானாவுக்கு இது பிள்ளை பெறுற மாதம். போன மாரியிலை ஆசுபத்திரிக்குப் போற வழியிலை ஜீப் சேத்துக்கை புதைஞ்சு, அவளின்ரை முதல் பிள்ளை ஜீப்புக்குள்ளையே செத்துப் பிறந்தது. நீலமாய்க் கிடந்த முகம் எனக்கு மறக்காது. இந்தமுறை வயித்தை வெட்டித்தான் எடுக்கவேணும் எண்டு மருத்துவிச்சி சொல்லிப்போட்டா. முன்னமே போய்ப் படுக்கவும் இடமில்லை, சண்டையிலை காயப்பட்ட ஆக்களாலை நிறைஞ்சு கிடக்காம்.

அவளின்ரை புருசன் ஸ்ரனிஸ்லஸ் ஜீப்பைத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறான். துடைச்சால் சேறு விடுமோ?

6.11.98
நாலு சில்லுக்கும் இழுவை எண்டது பேச்சுத்தானாம். ஒரு சில்லு சேத்துக்கை வழுக்கினால், அச்சு நடுவிலை இருக்கிற டிபரன்சல் பெட்டி முழுப் பலத்தையும் அதுக்கே குடுத்துப்போடும், மற்றச் சில்லு சும்மா நிக்கும் எண்டு ஸ்ரனிஸ்லஸ் சொல்லுறான். பின்பக்கத்து டிபரன்சலுக்குள்ள இருக்கிற சின்னப் பற்சில்லுகளை ஒட்டி இறுக்கினால் ரெண்டும் ஒண்டாய்ச் சுத்துமாம்.

"ஆர் ஒட்டுறது?" எண்டன். "இராயப்புச் சின்னப்பு" எண்டான்.

இந்தப் பக்கத்திலை வெல்டிங் வேலை செய்யிறது இராயப்பு ஒருத்தன்தான். என்ரை மனுசன்ரை தம்பி. மனுசன் செத்து எட்டாம் நாள், சனம் சாப்பிட்டு எழும்ப முன்னம், வள்ளத்து எஞ்சினைக் கழட்டித் தோளிலை வைச்சுக்கொண்டு போனவன். அண்டைக்குக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தவன். அண்டு தொடக்கம் கதை இல்லை.

7.11.98
போகமாட்டன்.

9.11.98
போனனான். வேற என்ன செய்ய? படலையிலை நிண்டபடி, "யூலியானாவுக்காக வந்தனான், உனக்காக இல்லை" எண்டன்.

"எனக்காக வந்தால் எல்லோ மச்சாள் நான் பயப்பிடவேணும்" எண்டு பல்லைக் காட்டினான்.

13.11.98
எங்கடை வீட்டு முத்தத்திலை ஜீப்பை மரக்குத்தியிலை ஏத்தி, டிபரன்சலைக் கழட்டி ஒட்டிப் பூட்டியாச்சு. ஊத்த ஒயில் இல்லை, இஞ்சாலை கொண்டுவர அரசாங்கத் தடை. வள்ளத்துக்குப் பூச வைச்சிருந்த சுறா எண்ணெயை நான் குடுத்தன். முத்தம் முழுக்க நாத்தம்.

போகேக்கை இராயப்பு சொன்னான்: "சேத்துக்கைதான் இது ராசா. இறுகின தரையிலை மடக்கித் திருப்பாதேங்கோ, அச்சு முறுகி முறிஞ்சுபோம்." பெரிய புத்தி சொல்ல வந்திட்டார்.

15.11.98 ஞாயிறு
எங்கடை நாயாத்திலை வள்ளத்துக்குப் புது எஞ்சின் எண்டாலும் கோயிலை மூண்டு தரம் சுத்தினாப் பிறகுதான் கடலுக்குப் போகும். ஜீப்பையும் சுத்தச் சொன்னன். "சின்னப்பு திருப்ப வேண்டாம் எண்டவர் எல்லே" எண்டு ஸ்ரனிஸ்லஸ் இழுத்தான். "மாதாவிலும் பார்க்க அவன் பெரிசோ?" எண்டன்.

கோயிலடி கிரவல் கல்லுமாதிரி இறுகின தரை. மூண்டாம் சுத்திலை, மூலையிலை, வெடி வைச்ச மாதிரி ஒரு சத்தம். பின் அச்சு ஒண்டு முறிஞ்சிட்டுது. பயத்திலை திரும்ப ஸ்ராட் பண்ணேல்லை, தள்ளிக்கொண்டு வந்தம்.

இராயப்பு வேண்டாம் எண்டு சொன்னபடியால்தான் நான் சுத்தச் சொன்னது — ஐயோ ஆண்டவரே.

16.11.98
வேற அச்சுக்கு எங்கை போறது? மழை விடேல்லை. யூலியானா என்னோடை கதைக்கிறாள் இல்லை. செபமாலை பிடிச்சால் வாய் வருகுதில்லை. ஏன் சொன்னனான்? ஏன்?

18.11.98
விடியவே யூலியானாவுக்கு நோ துவங்கீட்டுது. மழைக்குள்ளாலை இராயப்புவிட்டை ஓடினன். சாப்பிட்ட கோப்பையை வைச்சிட்டு எழும்பி வந்தான். ஏசுவான் எண்டு பாத்தன், ஏசேல்லை. ஜீப்பிலை முறிஞ்ச அச்சுத் துண்டை இழுத்து எறிஞ்சான்.

"ஒட்டாட்டில் பின் சில்லு ரெண்டும் இப்ப செத்த சில்லு. ஒட்டினபடியால் மற்ற அச்சாலை ஒண்டு இழுக்கும். ஏறுங்கோ மச்சாள், முழுசிக்கொண்டு நிக்காமல்."

ஸ்ரனிஸ்லஸ் பின்னாலை யூலியானாவைப் பிடிச்சுக்கொண்டு இருந்தான். இராயப்புதான் ஓட்டினான்.

போன மாரியிலை புதைஞ்ச அதே பாலத்தடிச் சேறு. அதே இடத்திலை நிண்டிட்டுது. யூலியானா குழறுறாள். ஸ்ரனிஸ்லஸும் நானும் இறங்கித் தள்ளினம். இராயப்பு உள்ளுக்கிருந்து கத்தினான்: "அந்த எஞ்சினை நினைச்சுத் தள்ளுங்கோ மச்சாள்!" அறுவான். அந்தக் கோவத்திலை தள்ளினன். வழுக்கி வழுக்கி ஏறீட்டுது.

இப்ப ஆசுபத்திரி விறாந்தையிலை இருக்கிறன். அவளை உள்ளை கொண்டு போயிட்டினம். கதவு இன்னும் திறக்கேல்லை.

6.12.98 ஞாயிறு
பொடிச்சி பாலுக்குக் கத்துறாள். யூலியானாவுக்கு இனிப் பிள்ளை தங்காதாம், இவள் ஒருத்திதான். கத்தட்டும்.

மத்தியானம் இராயப்பு பாக்க வந்தவன். கதிரையை இழுத்துப் போட்டு, மீன் தலையை அவனுக்கு வைச்சன். "நான் ஒண்டையும் மன்னிக்கேல்லை" எண்டும் சொன்னன்.

"தெரியும் மச்சாள். சோத்துக்குச் சொதியை விடுங்கோ."

விட்டன்.