பாடிக்கொண்டே போகக்கூடிய பாதை

அன்பு மகள் சிட்டுக்கு,

அம்மா எழுதுவது. நீ நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், இங்கே நான் சுகம். அப்பாவையும் அதே வரியில் சேர்த்து நாங்கள் சுகம் என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்துவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் வாயையே பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறார். இப்போது வெளியே வெயிலில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருக்கிறார், அதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

மழை விட்டு, மலைப் பாதைகளின் ஓரப் பாறைகளுக்கு அடையாளப் பெயிண்ட் அடிக்கும் வேலை இந்த வருடமும் முடிந்தது. பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் சுற்றியவள் நீ, அப்பாவின் கணக்கு உனக்குத் தெரியாததில்லை. நடக்க முடியாதவர்களுக்காகப் பாதைக் குழு ஆபீஸில் வைத்திருக்கும் சக்கர நாற்காலியில் ஒரு மணல் மூட்டையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு பாடியபடியே போக முடிந்தால் அது பச்சைப் பாதை, யார் வேண்டுமானாலும் வரலாம். பாட முடியாமல் பேசத்தான் முடிகிறது என்றால் மஞ்சள். வாயை மூடிக்கொண்டு ஏற வேண்டுமென்றால் சிவப்பு. வேறு ஊர்களில் இதற்கு என்னென்னவோ கருவிகள் வைத்திருக்கிறார்கள், நம் ஊரோ வருகிறவர்களை அப்பாவின் மூச்சை நம்பித்தான் மலைக்கு அனுப்புகிறது. கடைக்காரச் சித்தப்பா அந்த மணல் மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன அண்ணே, உங்க விருந்தாளி இந்த வருஷம் ஒரு சுத்து பெருத்துட்டாரே" என்று கேட்பார், இந்த வருடமும் கேட்டார். நம் மாடிப்படிக்கும் நிறம் போடச் சொல்லி நீ அடம்பிடித்ததும், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடியபடி ஏறி இறங்கி முதல் படியில் அவர் ஒரு பச்சைப் பொட்டு வைத்ததும் உனக்கு நினைவிருக்கும்.

ஆபீஸில் நான் பாதைகளின் பெயர்ப் பலகைகளை எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். ஒவ்வொரு வருடமும் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் ஏரிப் பாதைக்கு அழைத்து வருகிறவள், நீயும் பார்த்திருக்கிறாய். மண் சரிந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லையே என்றேன். பிறகு ஏன் மஞ்சள் அடித்திருக்கிறீர்கள், முதல் பாறையைப் பார்த்ததும் அம்மா திரும்பிப் போய்விடலாம் என்று சொல்லிவிட்டார் என்றாள். வாசலில் அந்த அம்மாள் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு மலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை, நேரில் போய்ப் பார்த்தேன். பாறைக்குப் பாறை மஞ்சள். காட்டுப் பாதைக்குப் போனால் அங்கே மஞ்சளின் மேல் சிவப்பு. வேர் ஏதாவது கிளம்பியிருக்கிறதா, கல் உருண்டிருக்கிறதா, தண்ணீர் அரித்திருக்கிறதா என்று குனிந்து குனிந்து தேடினேன். பாதை போன வருடம் இருந்த மாதிரியேதான் இருந்தது கண்ணு. அவர் கவனக்குறைவாக அடிக்கவில்லை. பாடிப் பார்த்திருக்கிறார், பாட முடியவில்லை, அதனால் மஞ்சள் அடித்திருக்கிறார். தன் காலும் குரலும் இறங்கியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, மலைதான் செங்குத்தாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அப்பா குரல் ஏன் இப்படி அடங்கிக் கிடக்கிறது என்று நீ போனில் கேட்டாயே, நானும் சளி என்றுதான் நினைத்திருந்தேன்.

டாக்டரிடம் போனோம். நடக்கச் சொன்னார், அப்பா நடந்தார். திரும்பச் சொன்னார், அங்கேதான் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். நரம்பு நோய், மெல்லத்தான் வளரும், மருந்து நடையைக் கொஞ்சம் இலகுவாக்கும், நோயை நிறுத்தாது என்றார். அப்பா கேட்டது ஒரே கேள்விதான், மலை ஏறலாமா என்று. தனியாக வேண்டாம், சமதளத்தில் முடிந்தவரை நடங்கள் என்றார் டாக்டர். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, "சிட்டுகிட்ட சொல்லாதே, அவ இப்பத்தான் அங்க கால் ஊன்றியிருக்கா, இழுத்துப் போட்டுடாதே" என்றார். சரி என்று நான் சொல்லவில்லை, தலையையும் ஆட்டவில்லை.

கடைக்காரச் சித்தப்பாதான் இப்போது பாதைக் குழுத் தலைவர். அவர் நம் சமையலறையில் வந்து நின்றுகொண்டு, "அண்ணி, பாதை தப்புன்னா வெட்டித் திருத்திடலாம், அண்ணன் தப்புன்னு எந்த வாயால சொல்றது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் திருத்துகிறேன் என்று சொன்னேன். மதியம் அப்பா தூங்கும் நேரத்தில் பச்சை டப்பாவை எடுத்துக்கொண்டு போய் ஏரிப் பாதையின் பாறைகளில் எல்லாம் அடித்துவிட்டு வந்தேன். சாப்பாடு பரிமாறும்போது பச்சை ஒட்டியிருந்த என் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பை ஊற்றி, சோற்றைப் பிசைந்து, பாதி சாப்பிட்ட பிறகு, "மஞ்சள் மேல பச்சை ஒரு தடவை அடிச்சா நிக்காது. ரெண்டு தடவை அடிக்கணும்" என்றார். நான் மோர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் அவரும் கிளம்பினார், பெஞ்சு வரைக்கும்தான் வந்தார். உட்கார்ந்தபடி பெயிண்ட்டைக் கலக்கிக் கொடுத்துவிட்டு, "நீ சும்மா அடிச்சுட்டு வந்தா எப்படி, பாடிட்டுப் போ, நான் இங்கேருந்து கேக்கறேன்" என்றார். என் குரல் எப்படி என்று உனக்கே தெரியும், நீ தொட்டிலில் இருக்கும்போதே நான் பாடினால் எழுந்துவிடுவாய். எனக்கு முழுசாகத் தெரிந்ததும் ஒரே பாட்டுதான். அதையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு மணல் மூட்டையைத் தள்ளியபடி ஏரியைச் சுற்றி வந்தேன், தண்ணீர் மேல் குரல் அக்கரைக்கும் கேட்கும் என்பதால் அவர் அங்கிருந்தே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே வந்த இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள், என்ன நினைத்தார்களோ. பெஞ்சுக்குத் திரும்பியதும், "சுருதிதான் எங்கேயோ போச்சு, மூச்சு எங்கேயும் அறுபடல. பச்சைதான்" என்றார். பிறகு முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார், நான் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, பாதை சரியாகிவிட்டது, அம்மாவை அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இனி பெரிய பாதைகளுக்குச் சித்தப்பாவும் நானும் போவது என்று முடிவாகியிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் ஈரச் சாக்ஸோடு இருக்காதே. அடுத்த வருடம் லீவு கிடைக்கும், அப்பாவோடு முகட்டுப் பாதைக்குப் போகலாம் என்று சொன்னாய். முகடு இனி இல்லை சிட்டு. ஏரிப் பாதை இருக்கிறது, என் தோளைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் வருகிறார். அதுவும் எத்தனை நாளைக்கு என்று டாக்டரும் சொல்லவில்லை. நீ வேலையை விட வேண்டாம், எப்படியாவது இங்கே குளிர் தொடங்குவதற்குள் ஒருமுறை வந்துவிட்டுப் போ. அவர் சொல்லாதே என்றதை மீறி எழுதுகிறேனே என்று நினைக்காதே, காரணம் இருக்கிறது.

நேற்று உன் அறையைப் பெருக்க மாடிக்குப் போனேன், முதல் படியிலேயே நின்றுவிட்டேன். உன் பச்சைப் பொட்டின் மேல் சிவப்பு இருந்தது, தொட்டால் விரலில் ஒட்டியது. எப்போது வைத்தார், எப்படிக் குனிந்தார் என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. வெளியில் அவர் மாற்றியதையெல்லாம் பழையபடி ஆக்கிவிட்டேன். இதைத் தொடவில்லை, இது அவரே தெரிந்து வைத்த சரியான அடையாளம். காலையில் மேலே வந்து உன் போர்வையை இழுத்து எழுப்புவது அவர் வேலை அல்லவா, அதனால் நீ வரும்போது உன் படுக்கையைக் கீழே போட்டுவைக்கிறேன்.

எந்த நோயும் உன் பக்கம் எட்டிப் பார்க்காமல் நீண்ட நாள் நன்றாக இரு, கண்ணு. மறக்காமல் ஏதாவது ஒரு பாட்டை முழுசாகத் தெரிந்துகொண்டு வா, என் பாட்டைக் கேட்டு அவருக்குச் சலித்துவிட்டது.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா