ஒன்றாம் புகைபோக்கியின் மேல் நான் போட்ட பொய்ப் புகார்

அனுப்புநர்:
துணி வெளுக்கும் அம்மாள்
(இரண்டாம் கூம்பு ஆப்பரேட்டரின் மனைவி),
தெற்கு வரிசை, கடைசி வீடு,
டைல்ஸ் ஆலைக் குடியிருப்பு.

பெறுநர்:
காற்று மாசு ஆய்வு அதிகாரி அவர்கள்,
மாசு தடுப்பு அலுவலகம்.

பொருள்: ஒன்றாம் புகைபோக்கி மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதும், இரண்டாம் புகைபோக்கியை வரும் திங்கட்கிழமைக்குள் மறுபடி அளந்து என் வீட்டுக்காரரின் வேலையைக் காப்பாற்றக் கோருவதும் தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் நானே கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். போன மனுவில் எழுத்துப் பிழை குறைவு, பொய் அதிகம். இந்த மனுவில் அதை மாற்றிப் போட்டிருக்கிறேன்.

2. எங்கள் ஆலையில் களிமண் காயவைக்கும் டிரம் இரண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் வரும் சூடான காற்றில் செம்மண் தூசி பறக்கும். அதைப் பிடிக்க இரண்டு பெரிய இரும்புக் கூம்புகள் இருக்கின்றன. தங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்த்துக்கொள்ளவும். காற்று பக்கவாட்டில் நுழைந்து கூம்புக்குள் சுற்றோ சுற்றென்று சுற்றும். நனைந்த குடையைச் சுழற்றினால் தண்ணீர் தெறிக்கிற மாதிரி, தூசி சுவரில் போய் மோதி, வழுக்கி, அடியில் இருக்கும் தொட்டியில் விழும். சுத்தமான காற்று நடுவழியாக மேலே ஏறிப் புகைபோக்கிக்குப் போய்விடும். ஒன்றாம் கூம்பைப் பார்ப்பவர் என் கொழுந்தனார். இரண்டாவதைப் பார்ப்பவர் என் வீட்டுக்காரர்.

3. தொட்டியை மணிக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும் என்பது விதி. எவ்வளவு விழுந்திருக்கிறதோ அவ்வளவையும் ஒரு சாக்கில் கட்டி, நம்பர் எழுதி, ஆலை வாசல் பக்கம் வரிசையாக நிறுத்துவார்கள். கொழுந்தனார் சாக்குகள் கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். எங்கள் வீட்டுச் சாக்குகள் பாதிதான் நிரம்பியிருக்கும், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும். என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனார் மனைவி, போகிற போக்கில் நாலு பேர் முன்னால், "என்னக்கா, உங்க வீட்டு மூட்டைக்கெல்லாம் சோறு போடுறதில்லையா?" என்றாள். நானும் சிரித்தேன். ஊரையே கிண்டல் செய்கிறவள் நான், சிரிக்காமல் இருந்தால் தோற்றுப்போனதாக ஆகிவிடும். ஆனால் வயிறு எரிந்தது ஐயா. ஏற்கெனவே அவள் வீட்டுக் கதவு புதிது, அவள் முடியில் நரை இல்லை. இப்போது அவள் வீட்டுத் தூசிகூட என் வீட்டுத் தூசியைவிடக் கொழுகொழு என்று இருந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

4. அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்: "தம்பி மூட்டை நிமிந்து நிக்குது. அண்ணன் மூட்டைக்கு மட்டும் என்ன, இடுப்பு ஒடிஞ்சு போச்சா?" அவர், "தம்பி டிரம் பெருசும்மா, தூசி கூடத்தான் வரும்," என்றார். "எல்லாத்துக்கும் ஒரு சாக்கு வச்சிருக்கீங்க," என்று சொன்னேன். ஒருநாள் சொல்லி விட்டிருந்தால் பரவாயில்லை. பதினைந்து நாள் சொன்னேன்.

5. அதற்குப் பிறகு எங்கள் சாக்குகளும் நிமிர்ந்து நின்றன. எண்ணிக்கை குறைந்தது, அதை யார் பார்த்தார்கள்? நான் வேண்டுமென்றே அந்த வழியாக இரண்டு நடை நடந்து ஓரகத்திக்கு அவற்றைக் காட்டினேன்.

6. அதே நாட்களில்தான் கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் செம்மண் படிந்து நாசமானது. என்னிடம் வெளுக்கப் போடும் விடுதிக்காரருடைய படுக்கை விரிப்புகளை மூன்று முறை திரும்பத் துவைத்தேன். வடக்கு வரிசையில் ஓரகத்தியின் கொடி மட்டும் பால் மாதிரி இருந்தது. அவர்கள் கூம்புத் தூசியைத் திட்டம் போட்டு எங்கள் பக்கம் தள்ளிவிடுகிறார்கள் என்று முடிவு கட்டி, ஒன்றாம் புகைபோக்கி மீது தங்களுக்கு மனு போட்டேன். என் தலைக்கு நேர் மேலே இருப்பது இரண்டாவது. ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருந்தால் போதும், பார்க்கவில்லை.

7. தாங்கள் நேர்மையாக வந்து இரண்டையும் அளந்தீர்கள். ஒன்று தேறியது, இரண்டு தேறவில்லை. "ஆப்பரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதிவிட்டுப் போனீர்கள். அதைக் காட்டி மேனேஜர், வரும் திங்கட்கிழமை முதல் என் வீட்டுக்காரரை மண் சுமக்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று, வலது முழங்கால் மடங்காது. பத்தொன்பது வருடம் அந்தக் கூம்பின் சத்தத்தை வைத்தே அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொன்னவர்.

8. நடந்தது என்ன என்பதைக் கொழுந்தனார்தான் கண்டுபிடித்தார். தொட்டியைத் திறந்து பார்த்தால், கூம்பின் வாய் வரைக்கும் தூசி. சாக்கு நிறைய வேண்டும் என்பதற்காக என் வீட்டுக்காரர் மூன்று மணி, நான்கு மணி நேரம் காலி செய்யாமல் விட்டிருக்கிறார். அப்படிக் குவிந்தால் கீழே விழுந்த தூசியைச் சுழல்காற்றே மறுபடி கிளப்பிப் புகைபோக்கி வழியாக வெளியே துப்பிவிடுமாம். "ஏண்ணே இப்படிப் பண்ணினே?" என்று தம்பி கேட்டதற்கு இவர் சாக்கை எடுத்துத் தொட்டியைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டாராம். மேனேஜர் கேட்டபோது "என் தப்புதான்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். என் பெயர் எங்கேயும் வரவில்லை. வீட்டுக்கு வந்து என்னையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

9. இதையெல்லாம் எனக்கு வந்து சொன்னவள் ஓரகத்தி. சொல்லிவிட்டு அழுதாள். அழும்போதும் அவள் பார்க்க நன்றாகத்தான் இருந்தாள் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

10. ஒன்பது நாளாக மணிக்கு ஒருமுறை தொட்டி காலியாகிறது. பாதிச் சாக்கானாலும் கட்டி வைக்கிறார். இரண்டு தலையணை உறைகளை இணைத்திருக்கிறேன். சிவந்திருப்பது சென்ற மாதத்தது, வெள்ளை நேற்றுக் காய்ந்தது.

11. ஆகவே ஐயா, திங்கட்கிழமைக்கு முன்பாக ஒருமுறை வந்து இரண்டாம் புகைபோக்கியை அளந்து பார்த்து, அறிக்கையில் "கவனக்குறைவு" என்பதை அடித்துவிட்டு, "மனைவியின் வாய்" என்று எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு அந்த வேலை நிலைத்தால் போதும். எனக்கு அபராதம் போட்டாலும் சம்மதம்.

12. வருகிற அன்றைக்கு ஒன்றாவதையும் சேர்த்தே அளக்கவும். எங்களுடையது ஒரு நூல் அளவாவது சுத்தமாக இருந்தால், வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கவும். அவர்களுடையது சுத்தமாக இருந்தால், காகிதத்தை மடித்து மேனேஜர் கையில் மட்டும் கொடுத்துவிட்டுப் போகவும்.

தங்கள் வருகையை எதிர்பார்த்துக் கொடியில் வெள்ளைத் துணியுடன் காத்திருக்கும்,

(கையொப்பம்)
இரண்டாம் கூம்புக்காரர் மனைவி

நாள்: பதினான்காம் தேதி, வியாழக்கிழமை
இடம்: ஆலைக் குடியிருப்பு, தெற்கு வரிசை

இணைப்பு: தலையணை உறை – இரண்டு (விடுதிக்காரருடையது, திருப்பித் தரவும்)